முப்பத்துநாலு அங்குலம்

"கடைசியா என்ன சொன்னாவ, பிள்ளே?" என்று உபதேசியார் கேட்டபோது ஜெப்சி கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளே ஒரே குளிர். அப்பாவுக்குக் குளிர் ஆகவே ஆகாது.

உபதேசியாரின் மடியில் ஒரு நோட்டு. மூன்று மணி அடக்க ஆராதனையில் வாசிக்கவேண்டிய வாழ்க்கைக் குறிப்பு. சுந்தரராஜ் பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, லைன்மேனாக முப்பத்திரண்டு வருடம் மின்கம்பம் ஏறியது, ராகேலை மணந்தது, மகன் ரெனிஷ் மஸ்கட்டில், மகள் ஜெப்சி கோட்டாறு ஸ்கேன் சென்டரில் என்று எல்லாம் எழுதியாகிவிட்டது. கடைசி வரிதான் பாக்கி.

"இவ மடியிலதான் போனாவ," என்று முந்திக்கொண்டாள் அம்மா. "இயேசுவேன்னு ஒரு விளி விளிச்சாவ. அவ்வளவுதான். இல்லியாட்டி?"

ஜெப்சி தலையாட்டினாள். உபதேசியார் அதை எழுதிக்கொண்டார். நேற்றிலிருந்து எத்தனை பேரிடம் ஆட்டியாயிற்று. பொய்யை ஆரம்பித்தவள் அவள்தான். சபைப் பெண்கள் சங்கக் கூட்டத்திலிருந்து ஓடிவந்த அம்மா, "தனியாவா போனாவ?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டபோது, "என் மடியிலதாம்மா" என்று வாயில் வந்துவிட்டது. இப்போது அம்மா அதற்குச் சுவர் எழுப்பி, கூரை போட்டு, உள்ளே குடியேறிவிட்டாள். வருகிறவர்களையெல்லாம் அங்கேதான் உட்காரவைக்கிறாள்.

பந்தல் போட்டவர்கள் ஜெப்சியின் வண்டியை மதிலோரம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். யாரோ அதன் மேல் ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

அந்த வண்டியை அவள் ஐந்து மாதம் தேடினாள். பழைய ஸ்கூட்டரின் குட்டிச் சக்கரம் வெட்டூர்ணிமடம் குழியில் இறங்கி அவளைத் தூக்கியெறிந்ததில் தொடங்கியது தேடல். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட ஊரில் தினமும் கோட்டாறு போய்வர எது சரி? எடை குறைவாக இருக்கவேண்டும், பள்ளத்தில் இறங்கி ஏறவேண்டும், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழையவேண்டும். கடைசியில் சூப்பர்மோட்டோவில் வந்து நின்றாள். காட்டுப்பாதை வண்டியின் உயரமான உடம்பு, தார்ரோட்டுக்கான சக்கரம். இருக்கையின் உயரம் மட்டும் முப்பத்துநாலு அங்குலம். பின்னால் உட்கார ஒரு சாண் இடம்.

"அப்பாவ எப்பிடி ஏத்துவ?" என்றாள் அம்மா. அண்ணன் ரெனிஷும் போனில் அதையே கேட்டான். ஸ்கூட்டரே எடு என்றான்.

ஷோரூமில் அப்பா ஏறிக் காட்டினார். "போஸ்டுல ஏறினவனுக்கு இதென்ன!" விற்பனைப் பையனின் தோளைப் பிடித்து, கால்மிதியில் ஊன்றி, ஒரே தூக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு மூன்று நாள் அவர் அறையில் தைல வாசம். ஜெப்சி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வண்டி கைவிட்டுப் போய்விடும் என்று தெரியும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தது. சந்து முழுக்கத் தோண்டிக் கிடந்தது. கார் வராது, ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் எங்கோ வடசேரிப் பக்கம் நிற்பதாகச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் அருமனைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டக்கூடிய ஒரே வண்டி இவளுடையது. அதற்காகத்தானே பார்த்துப் பார்த்து வாங்கினாள்.

வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்கப்பா" என்றாள். அவர் காலைத் தூக்கினார். முழங்கால் பாதியில் நின்றது. இரண்டாம் முறை இவள் ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் அவர் தொடையையும் பிடித்துத் தூக்கினாள். வண்டி சாய்ந்தது. மூன்றாம் முறை அவர் இருக்கையின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார். வேர்வை ரெக்ஸின் மேல் சொட்டியது.

"முடியல்ல மக்களே. நீ போயி ரெண்டு ஆள விளிச்சிட்டு வா."

படியில் உட்காரவைத்துவிட்டு வண்டியிலேயே போனாள். ஒன்பது நிமிடம். ஆட்டோக்காரர்கள் இருவர் பின்னால் ஓடிவர இவள் திரும்பியபோது அவர் சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். பார்த்தபடியே இருந்தார்.

இன்று பன்னிரண்டு மணிக்கு ரெனிஷ் திருவனந்தபுரத்தில் இறங்கி வந்து சேர்ந்தான். பெட்டியின் மேல் விழுந்து அழுது தீர்த்துவிட்டு நிமிர்ந்தவன் கண்ணில் வண்டிதான் பட்டது.

"அப்பவே சொன்னேன்லா? ஸ்கூட்டரா இருந்தா அப்பாவ உக்கார வச்சுக் கொண்டு போயிருப்பியே. இப்போ அப்பா உயிரோட இருந்திருப்பாவல்லா?"

"சும்மா கெடலே," என்று அம்மா சீறினாள். "அவ மடியில தலைய வச்சு, இயேசுவேன்னு விளிச்சு நிம்மதியா போனாவ. அதுக்குக் குடுத்து வைக்கணும். இன்னொரு மட்டம் சொல்லுட்டி, அண்ணன் கேக்கட்டும்."

ஜெப்சிக்குச் செத்துவிடவேண்டும் போலிருந்தது. அண்ணன் சொன்னதைத் தாங்கிக்கொள்ளலாம். அம்மா இப்படிப் பரிந்து பேசுவதைத் தாங்க முடியாது.

"மடியில இல்லம்மா."

அம்மா பார்த்தாள்.

"நான் பக்கத்துல இல்ல. ஏத்த முடியல்ல. மூணு மட்டம் பாத்தேன். ஆள விளிக்கப் போனேன். வந்து பாக்கும்போ... தனியாத்தாம்மா போனாவ."

உபதேசியார் நோட்டை மூடிக்கொண்டார். ரெனிஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்போ இயேசுவேன்னு விளிக்கல்லியா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பின்னே என்னதான் சொன்னாவ?"

ஜெப்சி அழுதுகொண்டே சொன்னாள். "நான் அப்பிடியே வண்டிய எடுத்தேன். நில்லுன்னாவ. ஹெல்மெட்ட போட்டுட்டுப் போ மக்களேன்னாவ."

அம்மா கையை நீட்டி ஜெப்சியின் தாடையைப் பிடித்தாள்.

"போட்டியா?"

"போட்டேம்மா."

"கிளிப்பு?"

"அதும். போட்டு முடியுறது வர பாத்துட்டே இருந்தாவ."

அம்மா தலையாட்டினாள். தாடையை விடாமலே உபதேசியார் பக்கம் திரும்பி, அந்தக் கடைசி வார்த்தையையே எழுதச் சொன்னாள். அவர் நோட்டைத் திறந்து மடி வரியை அடித்தார். ரெனிஷ் எழுந்து போய் வண்டி மேலிருந்த துண்டை எடுத்து மடித்தான்.