மேட்டுத் தெரு, கதவு எண் பதினாலு

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தார்களே, வாடகைக்கு வீடு கேட்டுப் பார் என்று எவனாவது சொன்னானா? சொல்லியிருந்தால் அருணகிரியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். திருவண்ணாமலையில் ஒன்பது வருஷத்தில் ஏழு வீடு. ஒரு வீட்டையும் அவனாகக் காலி செய்யவில்லை.

வீட்டுக்காரர்கள் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. முதல் மாசம் நன்றாகத்தான் பேசுவார்கள். அப்புறம் ஒருநாள் குழாயடியில் அவன் மனைவி சந்திரம்மாளின் வலது கை யார் கண்ணிலாவது பட்டுவிடும். மூன்று விரல் மடங்கி, நுனி தேய்ந்து போன கை. அவளுக்குப் பெருவியாதி வந்ததும் உண்மை, மாத்திரை சாப்பிட்டு அது முழுசாகக் குணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆனதும் உண்மை. இனி யாருக்கும் தொற்றாது என்று அரசாங்க டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. காகிதத்தை எவன் படிக்கிறான்? கையைத்தான் படிக்கிறான். "ஊர்லேர்ந்து எங்க பெரியம்மா வர்றாங்க, வீடு வேணும்" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். அந்தப் பெரியம்மா ஏழு வீட்டுக்கும் கிளம்பினாள். ஒரு வீட்டுக்கும் வந்து சேரவில்லை.

அருணகிரி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் டிரைவர். தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில் ஆட்களைப் பெங்களூரில் இறக்கப் போனவன், அங்கே ஒரு வீட்டு வாசலில் மெட்டடோர் வேன் ஒன்று விற்பனைக்கு நிற்பதைப் பார்த்தான். ரிட்டயர்டான ஒரு இன்ஜினியருடைய வண்டி. அவரும் அவர் மனைவியும் காசி வரைக்கும் போய்வர அதை வீடாகவே மாற்றி வைத்திருந்தார்கள். மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குத் துணி. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த மனிதர் அதில் ஏறவே இல்லையாம். அருணகிரி உள்ளே ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தான். எவன் வந்து பெரியம்மா கதை சொன்னாலும் இனி எழுந்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றியதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே பேசி முடித்தான்.

லாட்ஜ் முதலாளி பின்பக்கம் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வண்டிக்கு இடம் கேட்டால் யாரும் கையைப் பார்ப்பதில்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கர்நாடகா வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். எழுதும் கிளார்க் கேட்டான்: "வாங்கறவர் விலாசம்? ரேஷன் கார்டு?"

விலாசம் இருந்தால் இந்த வண்டியை அவன் ஏன் வாங்குகிறான்! ஏழு வீட்டுக்காரரும் தங்கள் கதவு எண்ணில் கார்டு போட விடவில்லை. லாட்ஜ் முதலாளியும், "அது வேற வம்பு, ஆள வுடு" என்று கையை உதறிவிட்டார்.

கூட நின்ற புரோக்கர் காதோடு சொன்னான். "எதுக்கு இவ்ளோ ரோதன? சுத்து வழி ஒண்ணு இருக்குது. பேப்பரே வேணாம், ஓட்டிக்கினு போய்டு."

"அதெல்லாம் வேணாம்பா" என்றான் அருணகிரி. "என்னைக்காவது ஒரு போலீஸ்காரன் நிறுத்தி, எறங்குய்யான்னு சொல்லுவான். இந்த வீட்லேர்ந்து எங்கள எறங்கச் சொல்ல எவனுக்கும் வழி இருக்கக்கூடாது. சட்டப்படிதான் கொண்டுபோவேன்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு வாசல். கீழ்பென்னாத்தூரில், மேட்டுத் தெருவில், அவன் பிறந்த வீடு. இப்போது அதில் தம்பி கண்ணாயிரம் இருக்கிறான். சந்திரம்மாள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தாயில்லாத கண்ணாயிரத்துக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவனுக்குச் சோறு போட்டதும் அவள்தான், பின்னால் அவன் மகள் தமிழ்செல்வியை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அவள்தான். வியாதி பெயர் ஊருக்குள் பரவியபோது, கண்ணாயிரம் கார்டிலிருந்து இரண்டு பெயரையும் அடித்துவிட்டு அழுதுகொண்டே அனுப்பிவைத்தான். அழுததும் நிஜம்தான், அனுப்பியதும் நிஜம்தான்.

அருணகிரி தனியாகப் போய் வாசலுக்கு வெளியே நின்று கேட்டான். கண்ணாயிரம் ரொம்ப நேரம் வேலியில் கிடந்த முள்ளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு, "எழுதிக் குடுக்கறேண்ணா. என் வீட்ல இருக்காருன்னே எழுதி, என் கார்டு காப்பியும் வெக்கறேன். ஆனா பேப்பர்ல மட்டும் இருக்கட்டும். அண்ணி இங்க வர வேணாம். வண்டியும் நம்ம தெரு பக்கம் வர வேணாம். தமிழுக்கு எடம் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றான்.

அருணகிரி சரி என்றான். சந்திரம்மாளிடம் அதைச் சொல்லவில்லை. பேப்பர் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னான்.

வைகாசியில் ஒரு விடியற்காலை இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து வண்டியை எடுத்தார்கள். இன்ஜினியர் சாவியைக் கொடுக்கும்போது அடுப்பைத் துடைத்து வைத்திருந்ததைக் காட்டினார். சந்திரம்மாள் முன் சீட்டில் புது மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டாள். "ஓடிப் போய்டாதுடி" என்று கேலி செய்தான். "யாரு கண்டா" என்றாள் அவள்.

ஓசூர் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஆட்சேபணை இல்லாக் கடிதம், விற்றவர் கையெழுத்து, இன்சூரன்ஸ். பிறகு ஜன்னலருகே வந்து உரக்கப் படித்தார். "அருணகிரி, கதவு எண் பதினாலு, மேட்டுத் தெரு, கீழ்பென்னாத்தூர். நீதானே? எல்லாம் சரியா இருக்குது. ஒரு மாசத்துக்குள்ள உங்க ஊர் ஆபீஸ்ல வண்டியக் காட்டி நம்பர் மாத்திடு. ரேஷன் கார்டு ஒரிஜினல் எடுத்துக்கினு போ. மறந்துட்டு அப்புறம் புடிச்சா வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும்."

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் சந்திரம்மாள் அவன் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டு நம்பராச்சே அது. தம்பி கூப்டுச்சா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை. வாய் வரவில்லை, பாவி மனுஷனுக்கு. அவன் சும்மா இருந்ததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவள் வாய் ஓயவில்லை. வீட்டுக்குள் தங்க வேண்டாம், வேலியோரம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். தமிழ் இப்போது என்ன உயரம் இருப்பாள். கிருஷ்ணகிரியில் நிறுத்துங்கள், வெறுங்கையோடு போக முடியுமா. நிறுத்தினான். மாம்பழம் வாங்கினாள், நாலு முழம் கதம்பம் வாங்கினாள், வீடு குடிபோகப் பால் காய்ச்ச ஒரு லிட்டர் பால் வாங்கினாள். கடைக்காரன் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தான். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அருணகிரி கவனித்தான்.

ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் வந்தது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பேப்பர்ல மட்டும் என்று தம்பி சொன்னது, சரி என்று இவன் சொன்னது, தெரு பக்கம் வண்டி வரக்கூடாது என்றது.

சந்திரம்மாள் மடியிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"கிருஷ்ணகிரியிலயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "அவ்ளோ தூரம் என்னப் பேச வுட்டுட்டு வேடிக்க பாத்தீங்களே."

"தப்புதான்டி. மன்னிச்சுடு."

பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அவள் கேட்டாள். "பால் எந்த வாசல்ல காய்ச்சுவாங்க? குடிபோற வாசல்லதானே? பேப்பர்ல எந்த வாசல் எழுதியிருக்குதோ அங்க போங்க."

"வாக்கு குடுத்துட்டேன் சந்திரா."

"நீங்க குடுத்தீங்க. நான் குடுக்கலையே. அந்த வீட்டுக்குள்ள நான் கால வைக்க மாட்டேன். என் வீட்ட வுட்டே எறங்க மாட்டேன். பால் பொங்கினதும் கெளம்பிடலாம்."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் ஒன்றையும் பிடிவாதமாகக் கேட்டதில்லை. திருவண்ணாமலையில் லாட்ஜுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் அவன் திரும்பவில்லை. நேராகப் போனான்.

மேட்டுத் தெருவில் மெட்டடோர் நுழையும்போது மணி பன்னிரண்டு இருக்கும். பதினாலாம் நம்பர் வாசலுக்கு எதிரே, ரோட்டோரமாக நிறுத்தி, பின் கதவைத் திறந்து வைத்தான். நெல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே சந்திரம்மாள் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். அவள் கைக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தை எப்போதும் அருணகிரிதான் துணிபோட்டு இறக்குவான்.

கண்ணாயிரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாண்ணா இது? இன்னா பேசினோம், நீ இன்னா பண்ற?"

"பால் காய்ச்சறோம்டா. பொங்கினதும் போய்டறோம்."

"ஊரே பாக்குது. நாளைக்கி பொண்ணு பாக்க வர்றாங்க. கால்ல வுழறேன், எடுண்ணா வண்டிய."

ஏழு வீட்டு வாசலிலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன் அருணகிரி. இன்றைக்குக் குனியவில்லை. "இது கவுருமெண்ட் ரோடு. பேப்பர் பூரா கரெக்டா இருக்குது. எடுன்னு சொல்ல உனக்கு அதிகாரம் கெடையாது தம்பி."

"அப்பிடியா? அப்ப ரேஷன் கார்டு கெடையாது, போ. நம்பர் எப்பிடி மாத்தறன்னு நானும் பாக்கறேன்."

கார்டு இல்லாவிட்டால் ஒரு மாசம். அதற்குப் பிறகு எவனும் கை காட்டி நிறுத்தலாம், எறங்கு என்று சொல்லலாம். வீடும் போகும், அவளும் மறுபடி தெருவில் நிற்பாள். அருணகிரி தம்பியின் கையைப் பிடிக்கப் போனான்.

அப்போதுதான் உள்ளே பால் பொங்கியது. பொங்கி வழிந்து அடுப்பில் விழுந்து புஸ்ஸென்றது. கார்டு கெடையாது என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பி நின்ற சந்திரம்மாள், பதறிப்போய்ப் பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துத் தூக்கிவிட்டாள். தூக்கியவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை. பிடித்துக்கொண்டே வெளியே பார்த்தாள்.

"அண்ணீ! கையி! சுடும் அண்ணி!"

கத்தியது அருணகிரி இல்லை. கண்ணாயிரம் ஒரே தாவலில் வண்டிக்குள் ஏறியிருந்தான். தோள் துண்டைப் போட்டுப் பாத்திரத்தைப் பிடுங்கி வைத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து கையை நீட்டினான். "தெரியாதா உனக்கு? சூடு தெரியாதுன்னு தெரியாதா?" என்று திட்டினான். சின்ன வயதில் யாரிடம் திட்டு வாங்கினானோ அதே அண்ணியை. மடங்கிய விரல்கள் அவன் உள்ளங்கைக்குள் இருந்தன. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

தெருவில் யாரோ இருமினார்கள்.

கண்ணாயிரம் கையை விட்டான். கீழே இறங்கினான். இறங்கினவன், தன்னை அறியாமல் உள்ளங்கையை லுங்கியில் துடைத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. சந்திரம்மாள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான். கை அப்படியே நின்றுவிட்டது.

திரும்பி வீட்டுக்குள் போனான். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறான் என்று அருணகிரி நினைத்தான். ஆனால் ரேஷன் கார்டோடு திரும்பி வந்தான். வண்டிப் படியில் வைத்தான்.

"ஆபீஸ்ல காட்டிட்டு பஸ்ல யார்கிட்டயாவது குடுத்தனுப்புண்ணா."

சந்திரம்மாள் மூன்று டம்ளரில் பால் ஊற்றியிருந்தாள். ஒன்றை இடது கையால் படியோரம் நகர்த்தினாள். "குடிப்பா."

கண்ணாயிரம் டம்ளரைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். "வயிறு சரியில்ல அண்ணி" என்றான். போய்விட்டான்.

அருணகிரிக்கு அந்தப் பாலைத் தூக்கித் தெருவில் கொட்டவேண்டும் போல ஆத்திரம் வந்தது. சந்திரம்மாள் விடவில்லை. தன் டம்ளரைக் குடித்தாள், பிறகு தம்பியுடையதையும் எடுத்துத் தானே மெதுவாகக் குடித்து முடித்தாள். வலது கையில் கொப்புளம் கிளம்பத் தொடங்கியிருந்தது. அருணகிரி ஈரத்துணியைச் சுற்றிக் கட்டினான். கட்டும்போது அவன் கண்ணீர் அந்தத் துணியின்மேல் விழுந்தது.

"எதுக்குங்க அழறீங்க?" என்றாள் அவள். "ஏழு வீட்ல இருந்தோம். ஒருத்தரும் உள்ள வந்ததில்ல. தம்பி நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டுப் போச்சே."