வாஃபிள் தட்டு

விருத்தாசலத்துக்கு வாஃபிள் என்ற கட்டம் போட்ட இனிப்பு அப்பம் விற்கும் கடை வந்த பிறகு, கட்டம் கட்டமாக இருந்ததெல்லாம் வாஃபிள் ஆகிவிட்டது. ஜவுளிக்கடையில் வாஃபிள் துண்டு. புது மண்டபத்துக் கூரைக்கு வாஃபிள் ஸ்லாபாம். "தட்டுதான் இன்னும் வரல" என்றார் என் வீட்டுக்காரர் கார்முகில். மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.

பீங்கான் பொம்மைப் பட்டறையில் அச்செடுப்பது அவர் வேலை. கடையில் வாங்கிய வாஃபிளை வைத்தே அச்செடுத்து, தட்டு வார்த்து, சூளையில் சுட்டுக் கொண்டுவந்தார். எங்கள் மகள் வெண்பா அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அதன் பிறகு வேறு தட்டில் சோறு போட்டால் வாயே திறக்க மாட்டாள். புளிச்சோறு, தக்காளிச் சோறு, எல்லாம் அதில்தான். கட்டங்களில் தேங்கிய ரசத்தை உறிஞ்சிக் குடிப்பாள். பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாளே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் வயிற்றுவலியில் சுருண்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம். முகம் வெளுத்துக்கொண்டே போனது. வாயாடிப் பிள்ளை, தண்ணீர் என்று சொல்லத் தடுமாறினாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, "காரீயம் ஏறியிருக்குது. கொழந்த எதுல சாப்புடுது?" என்று கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தட்டுக்குப் பூசுற பூச்சு மங்கலா இருந்துச்சி, வளர்மதி. பொம்மைக்குப் பூசுறதுதான் பளபளன்னு இருக்கும். புள்ள ஆசப்படுமேன்னு..."

"சோத்துக்கு ஆகாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"காரீயம் கலந்ததுன்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு தட்டுதானேன்னு வுட்டுட்டேன்."

செருப்பைக் கழற்றி அடித்திருப்பேன். வெண்பா அவர் தோளில் படுத்திருந்தாள். மருந்து இருக்கிறதாம். காரீயம் மூளைக்கும் போயிருக்கிறதாம். அது சரியாகுமா என்று கேட்டேன். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் அநியாயம் நடந்தால் கொளஞ்சியப்பர் கோயில் வேலில் பிராது எழுதிக் கட்டுவோம். தப்பு செய்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். ஊர் திரும்பியதும் போனோம்.

"அந்தப் பூச்ச வித்தவன் மேல எழுது" என்றார்.

நான் அவர் பெயரை எழுதினேன். பார்த்தார். தாளை மடிக்கப் போனபோது என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டிய கை. அவர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி வேலில் கட்டினேன்.

"எங்க ரெண்டு பேரையும் என்ன வேணா பண்ணிக்க, சாமி. புள்ளைய வுட்ரு."