பாதி வேகத்தில் ஒரு தாலாட்டு

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று செல்லூரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பேய்ப் படத்துக்கு மியூசிக் வேண்டுமென்றால் எண்பத்து மூன்றில் மதுரையில் எங்களைத்தான் தேடி வரவேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த சிந்தசைசரை நான் வாசிப்பேன். ரிதம் பெட்டியையும் எக்கோ மெஷினையும் சங்கிலி பார்த்துக்கொள்வான். குழு என்று சொன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் அறைக்குக் கீழே பவர்லூம் ஓடியதால், தறிக்கு லீவு விடும் நாளில் மட்டும் பதிவு செய்வோம்.

நல்ல டேப் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ஒரு சத்தத்தை மற்றவற்றோடு கலந்து வேறு டேப்புக்கு ஏற்றியதும், பழையதை அழித்து அதன்மேலேயே அடுத்ததைப் பதிவோம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான்.

ஒரு படத்தில் பேய் அழ வேண்டும். என்ன குட்டிக்கரணம் போட்டும் சிந்தசைசரில் எனக்கு அழுகை வரவில்லை. அன்று சங்கிலியின் பெண்டாட்டி சின்னத்தாய் சோறு கொண்டுவந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பம். ஏதாவது பாடு தாயி என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே, வயிற்றைத் தடவியபடி ஒரு தாலாட்டுப் பாடினாள். அதைப் பாதி வேகத்தில் ஓட்டினேன். அடேயப்பா, எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

"என்னைய இப்படிப் பேயாக்கிட்டீங்களேண்ணே" என்று அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த மாதம் பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது.

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியபோது சங்கிலி என்னிடம் வந்தான்.

"அண்ணே, அவ பாடுன டேப்பு இருக்குல்ல? புள்ள அவ ஆத்தா குரல ஒரு தடவ கேக்கட்டும்ணே."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் கழித்தா கேட்பாய் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அந்த டேப்பின்மேல் அவள் பாடிய மறுவாரமே தகரத்தைத் தட்டி இடிச்சத்தம் பதிந்திருந்தேன், பாவி. சாவு விழுந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகும்கூட எதை அழித்தேன் என்று எனக்கு உறைக்கவில்லை. சங்கிலி எக்கோ மெஷினில் தூசி துடைத்துக்கொண்டிருந்தான்.

கலந்து ஏற்றிய டேப் அப்போதே படக் கம்பெனிக்குப் போய்விட்டதால், மிச்சமிருந்தது படம் ஒன்றுதான். பரவை டூரிங் டாக்கீஸுக்கு அது வந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பேய் அழுவதைப் பதிந்து வந்து இரட்டை வேகத்தில் ஓட்டினால் சின்னத்தாயின் குரல் திரும்பிவிடும். ஆபரேட்டர் சிவனாண்டி தெரிந்தவர். ஸ்பீக்கர் பக்கத்திலேயே ரெக்கார்டரோடு எங்களை உட்காரவிட்டார். பிள்ளை சங்கிலி மடியில் இருந்தது. இது ஆத்தா குரல், பிள்ளையும் கேட்கட்டும் என்று பிடிவாதமாகத் தூக்கி வந்திருந்தான்.

பேய் அழ ஆரம்பித்தது. ஜனம் அலறியது. எந்த அலறலுக்காக நான் ராப்பகலாய் உழைத்தேனோ அதே அலறல். பிள்ளையும் வீறிட்டது. அப்பன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பு நடுங்க அழுதது. பெற்றவள் குரலுக்குப் பிள்ளையைப் பயப்பட வைத்தவன் நான். சங்கிலி அதை வெளியே தூக்கிப்போகவில்லை. சின்னத்தாய் முழுசாகப் பாடி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அறைக்கு வந்து இரட்டை வேகத்தில் ஓட்டினோம். பிள்ளையின் அழுகை அணில் கத்துவதுபோல டேப் முழுக்க நிறைந்திருந்தது. அது மூச்சு வாங்கிய இடங்களில் மட்டும் சின்னத்தாய் கேட்டாள். ஒரு சொல், அரைச் சொல். ஆனால் அவள் குரலேதான்.

இது உதவாது, வேறு ஊரில் படம் ஓடும்போது பிள்ளை இல்லாமல் போய்ச் சுத்தமாகப் பதிந்து வருகிறேன் என்றேன். பழக்கதோஷம், டேப்பைப் பின்னால் சுற்றி அழிக்க விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. சங்கிலி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழிச்சிராதீங்கண்ணே. ஆத்தாளும் மகளும் ஒண்ணா இருக்கது இதுல மட்டுந்தான்."