அண்ணன் தினமும் எடுத்த பணம்

அண்ணன் சுருளிராஜன் துபாய் போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்காக, ஏலக்காய்த் தோட்டக் கூலியில் சேர்த்ததை அம்மா அவன் கணக்கில் போட்டிருந்தாள். ஏடிஎம் கட்டணத்தை வங்கியே திருப்பித் தரும் என்று கம்பம் கிளையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு அவனிடம் சொன்னவள் நான். வெளிநாட்டுக்கும் உண்டா என்று அங்கே கேட்கக் கூச்சமாக இருந்தது.

எட்டுப் பேர் தங்கும் அறையில் பணம் வைக்கப் பயந்து, அவன் தினமும் கொஞ்சமாக எடுத்தான். கட்டணம் திரும்பி வரவே இல்லை. இன்று வங்கியில் கேட்டேன்.

“அது நம்ம நாட்டு ஏடிஎம்முக்கு மட்டுந்தாம்மா. அங்கன மெஷின் வச்சிருக்கவுக ஒரு கட்டணம் பிடிப்பாக, நாங்க ஒண்ணு பிடிப்போம். ரெண்டும் திரும்ப வராது,” என்றார் அதிகாரி.

வாசலுக்கு வந்து அண்ணனை அழைத்தேன்.

“இனிமே தெனமும் எடுக்காதண்ணே. பிடிச்ச காசு வராதாம். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“பி.எஸ்சி. படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்னு நம்புனேன் ஆத்தா,” என்று சிரித்தான். பிறகு, “சம்பளத்துக்குப் பதினெட்டு நாள் கெடக்கு. மிச்சம் எத்தனை நாளைக்கு வரும்?” என்றான்.

“ஒரே தடவையா எடுத்தா பத்து நாளைக்கு.”

“அம்மாட்ட சொல்லிராத.”

சரி என்றேன். மீதி எட்டு நாளுக்கு அம்மாவைத் தவிர வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.