அருணகிரி கையெழுத்துப் போட்ட ஹெல்மெட்

இனி இந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளையின் தலைகூட மண்ணில் மோதாது என்று ஊர்ச் சேவைச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, எண்பத்து மூன்றாம் வருஷக் குடியரசு தின மேடையில் சூளுரைத்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. சைக்கிளில் பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கென்று அன்று அவர் வழங்கிய முப்பது ஹெல்மெட்டில் ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டவன் அருணகிரி. நேற்றுச் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளோடு சறுக்கி விழுந்தவன், இப்போது தலைக்கட்டோடு வாசல் பந்தலில் கிடத்தப்பட்டிருந்தான்.

அவன் அப்பா அங்கமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் சுப்பையன் மஞ்சள் பையோடு வந்து குனிந்தார்.

“ஏனுங்க, இதைப் பையன் பக்கத்துல வெச்சிருங்க. தலைவர் மாலையோட வந்துட்டிருக்காருங்க. போட்டோக்காரரும் வாராரு.”

பைக்குள் சிவப்பு ஹெல்மெட்.

“எங்கிருந்துங்க வந்துச்சு?”

“நேத்து வகுப்புல மறந்து உட்டுட்டுப் போயிட்டானுங்க. போட்டுட்டுப் போயிருந்தான்னா...” சுப்பையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

அங்கமுத்து சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்த்தே வாங்கிப் பழகியவர். ஹெல்மெட்டைத் திருப்பி மோந்து பார்த்தார். பதிமூன்று வயதுப் பயல் மாட்டித் திரிந்தது தேங்காயெண்ணெயும் வியர்வையுமாக அல்லவா நாற வேண்டும்? இது அந்துருண்டை நாறியது.

“பள்ளிக்கூடத்துப் பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்கன்னு அழுதுட்டே சொன்னானுங்க” என்றாள் அம்மா ஆராயி, யாரையும் பார்க்காமல். “வித்துத் தின்னுட்டுப் பொய் சொல்றயான்னு நீங்கதான் மிளாறு எடுத்துக் காலுலயே வெளுத்தீங்க.”

அங்கமுத்து மகனின் வேட்டியைக் கெண்டைக்கால் மறையும்படி இழுத்துவிட்டார்.

“நெசத்தைச் சொல்லுங்க வாத்தியாரே.”

சுப்பையன் குரலைத் தாழ்த்தினார். “குடுத்தாத் தொலைச்சுப்போடுவாங்கன்னுதானுங்க பூட்டி வெச்சோம். தலைவர் வாரப்ப மட்டும் எடுத்து மாட்டி உடுவோம். கையில குடுத்திருந்தாலும் பசங்களுக்கு ஆகாதுங்க.”

“ஏனுங்க ஆகாது?”

வெளியே கார் வந்து நின்றது. பெண்கள் ஒப்பாரியை உரக்க எடுத்தார்கள். அங்கமுத்து ஹெல்மெட்டை மகன் தலையில் மெல்ல வைத்துப் பார்த்தார். அத்தனை பெரிய கட்டுக்கு மேலேயும் அது மூக்குவரை இறங்கியது. அவசரமாக எடுத்துவிட்டு, கட்டைச் சரிசெய்தார்.

நாச்சிமுத்து மாலையோடு பந்தலுக்குள் வந்தார். போட்டோக்காரர் அவரை ஹெல்மெட்டுப் பக்கமாக நகர்ந்து நிற்கச் சொன்னார்.

“சேலத்துக் கடையில மாதிரிக்குத் தலைவர்தானுங்க போட்டுப் பாத்தாரு” என்றார் சுப்பையன், காதோடு.

முப்பதும் அந்த அளவுதான்.