ரெட்டைமூட்டை படித்த படிவம்

இப்போதெல்லாம் யாருக்கும் எதிராளி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தெம்பில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பேப்பரை நீட்டிவிடுகிறார்கள். ஊசி போட ஒன்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க ஒன்று, செத்தவனை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே எடுக்கவும் ஒன்று. நீட்டுகிறவனும் அதைப் படித்திருக்க மாட்டான். 'கீழே ஒரு கையெழுத்து போட்டுடுங்க பெரியவரே' என்பான், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதுபோல.

இது ரெட்டைமூட்டையின் கட்சி. சரக்குக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் சுமை தூக்கியவர். மற்றவர்கள் ஒரு மூட்டைக்கே முக்கும்போது இவர் இரண்டைப் போட்டுக்கொண்டு நடப்பார். அதில் வந்த பெயர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் கூட்டாளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மருந்துச் சீட்டு, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அந்தக் கெத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கையெழுத்தென்றால் அவருக்கு ஆகாது. முதுகுத்தண்டு விலகிப் படுத்திருந்தபோது, வைத்தியச் செலவுக்கென்று கிடங்கிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். படிக்கிற நிலைமையிலா இருந்தார்? போட்டுக் கொடுத்துவிட்டார். எழுந்து போய்ப் பார்த்தால், 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்' என்று அதில் இருந்ததாம். அன்றைக்கு மூடிய பேனாதான்.

அப்படிப்பட்டவர் வீட்டில் மருமகள் படிக்கப் போனாள். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். சமூகப்பணிப் படிப்பாம். ஏற்கெனவே சின்னவனுக்கு உடம்பு சரியில்லாமல் போய் ஒரு வருஷம் வீண். இது கடைசி வருஷம். ஆய்வேடு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை தவறினால் சேர்க்கை ரத்து, வீட்டோடு கிட என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். சுமை தூக்கி ஓய்ந்துபோனவர்கள் வயசான காலத்தில் எப்படி நாளைத் தள்ளுகிறார்கள் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். பதினைந்து பேரிடம் பேச வேண்டும். பேசுவதற்கு முன் ஆளுக்கொரு படிவத்தில் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும்.

மாமனாரிடம் அவள் உதவி கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தவள். தானே கிடங்குக்குப் பின்னால் போய், கிழவர்கள் உட்கார்கிற பெஞ்சில் படிவங்களைக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் போனால் பெஞ்சு காலி. ஒருவர் பல்வலி என்றார். இன்னொருவர் அவளைக் கண்டதும் கழிப்பறைக்குள் போனவர், அவள் திரும்பும்வரை வெளியே வரவில்லை. பத்து நாள் இதே கூத்து. கடைசியில் டீக்கடைக்காரர்தான் மனசு கேட்காமல் சொன்னார், நீ தரகுக்கு ஆள் பிடிக்கிறாய் என்று பேச்சு அடிபடுகிறதம்மா என்று.

அவள் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் பையை வைத்துவிட்டு, யார் இப்படிக் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை, இனி முடியாது என்று பொதுவாகச் சொன்னாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த கிழவர் தலையைத் தூக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன். ஒப்புதலோட தரகு எடுக்கப்படும்னு நீயே அச்சடிச்சு வெச்சிருக்க. என் கூட்டாளிங்க தலையிலயே மொளகா அரைக்கப் பாத்தா நான் வாய மூடிட்டு இருக்கணுமா?"

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். நகலின் நகல்; பாதி எழுத்து மசமசவென்றிருந்தது. ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"மாமா, இது 'கு' இல்ல. 'வு'. தரவு."

அவர் தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். 'வு'தான்.

"தரவுன்னா என்ன?"

"நீங்க சொல்றதுதான் மாமா. அவங்க பேசறது எல்லாம்."

"அப்ப 'நீங்க சொல்றது'ன்னு எழுத வேண்டியதுதான?"

அவளுக்குச் சுருக்கென்றது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. எப்படி எழுதினா நீங்க கையெழுத்து போடுவீங்க?"

"எப்படி எழுதினாலும் போடமாட்டேன்."

"போட வேணாம். எதுக்கெல்லாம் போடமாட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கிழவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பூண்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார். 'மாதிரியாக எடுத்துக்கொள்ளப்படுவீர்' என்று இருக்கிறதே, யார் மாதிரி? ரத்தம் எடுப்பீர்களா? பேசின பேச்சை வீட்டுக்குப் போய் மாற்றி எழுதமாட்டாய் என்று என்ன நிச்சயம்? பாதியில் பிடிக்காமல் போனால் எழுந்து போக விடுவாயா, ஏன் என்று நோண்டுவாயா? கிடங்குக்காரன் கண்ணில் ஒருத்தன் பெயர் பட்டால் அங்கே வேலை பார்க்கிற அவன் மகனுக்கு என்ன கதி? அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததைக்கூட இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கடைசியாக அவர் தாளின் அடியைத் தட்டினார்.

"இங்க ஒருத்தன் கையெழுத்துக்குத்தான் கோடு இருக்கு. வாக்குக் குடுக்கறது நீ. உன் கையெழுத்து எங்க? மொதல்ல நீ போடு. அப்பறம் அவன் போடட்டும். ஆளுக்கொரு தாள்."

புதுப் படிவம் அரைப் பக்கம்தான் வந்தது. மேலே 'நான் தரும் வாக்கு' என்று அவள் சொல்வது, அதற்கடியில் அவள் கையெழுத்து. பெயர் போட மாட்டேன். எழுதியதை உங்களுக்கே வாசித்துக் காட்டுவேன். தப்பென்று நீங்கள் சொன்னால் அந்த இடத்தை அடிப்பேன். எழுந்து போனால் காரணம் கேட்க மாட்டேன். கீழே அவர்கள் கையெழுத்துக்கு இடம்.

படிவம் தயார். ஆனால் பெஞ்சுக்கு யார் போவது? கெடுத்தவர்தான் போக வேண்டும். மறுநாள் காலை கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூட்டை சுமந்த காலத்தில்கூடக் கால் அப்படிக் கனத்ததில்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மருமகள் பின்னால் சற்றுத் தள்ளி நின்றாள்.

"நான் தப்பாப் படிச்சிட்டேன்" என்றார் ரெட்டைமூட்டை. "தரகு இல்ல. வேற எழுத்து. எம் மருமக மேல குத்தம் இல்ல."

அவரோடு முப்பது வருஷம் ஒரே லாரியில் சரக்கு இறக்கிய சொட்டை வழுக்கையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப இத்தன வருஷமா எங்களுக்குப் படிச்சுச் சொன்னதெல்லாம்?"

"எத?"

"மாத்திர சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொன்னியே. நாலு வருஷமா வெறும் வயித்துல முழுங்கிட்டு இருக்கேன்."

பெஞ்சே அதிர்ந்தது. ஒருவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துக்கொண்டது. ரெட்டைமூட்டைக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை. புதுப் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை வாசித்தார். இரண்டாம் தடவை மருமகளையும் பக்கத்தில் நின்று சரிபார்க்கச் சொன்னார்.

அவள் எல்லார் முன்னாலும் தன் கையெழுத்தை முதலில் போட்டாள். சொட்டை தன் தாளை வாங்கி, மடித்து, பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பத்து நாளில் பதினைந்து பேரிடமும் பேசி முடிந்தது. பேசியதைத் திருப்பி வாசித்துக் காட்டும்போதுதான் வேடிக்கை. 'அங்க நிறுத்தும்மா, அவன் என்னைத் தள்ளல, நான்தான் விழுந்தேன்' என்று ஒருவர் இருபது வருஷப் பழியைத் திருத்தினார். கண்டதும் ஓடி ஒளிந்தவரோ, இன்னும் கொஞ்சம் எழுதிக்கோ என்று அவளை விடவில்லை. ரெட்டைமூட்டை மட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியை படிவத்தைப் பார்த்து முகம் சுளித்தாராம். இது கல்லூரிப் பாஷையில் இல்லையே, மாற்றிவிடு என்றாராம். அதுவரை எதற்கும் எதிர்த்துப் பேசாத மருமகள், பதினைந்து பேர் இதற்கடியில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், நானும் போட்டிருக்கிறேன், இனி ஒரு எழுத்தை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் அதை அவள் சொன்னாள். அன்றைக்குக் கிழவர் இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வாய்மொழித் தேர்வன்று கட்டுப்போட்ட ஐந்து பிரதிகளைத் தூக்கிக்கொண்டு அவரே உடன் போனார். மகன் ஆட்டோ வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, இதெல்லாம் ஒரு சுமையா என்றார். தாழ்வாரத்தில் நாற்காலி இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றார். உள்ளே தேர்வுக்கென்று வெளியிலிருந்து வந்த அம்மாள் கேட்பது நன்றாகவே காதில் விழுந்தது. இந்தப் படிவம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

"புத்தகத்துல இல்ல மேடம். என் மாமனார் சொல்லச் சொல்ல எழுதினது. முப்பத்தெட்டு வருஷம் சுமை தூக்கினவர். மூணாவது வரைக்கும் படிச்சிருக்கார். அவர் கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதான் மூணாவது அத்தியாயம் முழுக்க."

அவள் குரல் நடுங்கவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறாள் என்று கதவுக்கு வெளியிலிருந்தே அவருக்குத் தெரிந்தது. சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை அவர் கூர்ந்து படிக்கத் தொடங்கினார். ஒரு வரியும் ஏறவில்லை.

அரைமணி கழித்து அவள் வெளியே வந்தாள். பாஸா என்று கேட்டார். முதல் வகுப்பு மாமா என்றாள். அவர் ஒரு பிரதியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, முக்கால் கிலோ தேறும் என்றார். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது.

தேர்வாளர் அம்மாளும் பின்னாலேயே வந்து கையைக் குவித்தார். அடுத்த வருஷத்திலிருந்து எல்லா மாணவர்களுக்கும் இந்த மாதிரிப் படிவம்தான் கொடுக்க வேண்டும் என்று துறையில் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

"குடுக்கறது இருக்கட்டும்மா. ஒக்காந்து படிச்சுக் காட்டுவாங்களா?"

"கண்டிப்பா காட்டுவாங்க ஐயா."

ரெட்டைமூட்டை அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். கண்டிப்பாக என்கிறவர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று. "பாப்போம்" என்றார். மிச்சப் பிரதிகளை அங்கிருந்த நாற்காலிமேல் அடுக்கி வைத்துவிட்டு, கையிலிருந்ததை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். இரண்டே மாதம், பழைய தாளையே நகல் எடுத்து நீட்டுவார்கள், என்று முணுமுணுத்தபடி, மருமகள் வருகிறாளா என்றுகூடத் திரும்பாமல், வெளிவாசலைப் பார்த்து நடந்தார்.