நாற்பத்து மூன்றுக்கு வந்தவர்கள்

கவுஸ் பாஷாவின் மெத்தைக் கடையில் டெலிபோன் மணி முதல்முறையாக அடித்தபோது ஷகிலா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாள். வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இணைப்பு. கணவர் பக்கத்தில் வந்து நின்று, தானே பேசப்போவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாஷா மெத்தைக் கடைங்க" என்றாள் ஷகிலா. அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், கோவிந்தம்மாளைக் கொஞ்சம் கூப்பிடச் சொன்னார்.

கோவிந்தம்மாள் யாரென்று அவள் யோசிப்பதற்குள், பின்வாசல் வழியாக ஓர் அம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்து, ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தன் அண்ணன் வீட்டு மாடு கன்று போட்ட சேதியை ஆற அமரக் கேட்டார். பேசி முடித்ததும், "மணிச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சுங்க பாயம்மா" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

விஷயம் இதுதான். பென்னாகரம் கடைத்தெருவில் அந்தக் கட்டடத்தில் முன்பு கிருஷ்ணப்பன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அவரிடம் டெலிபோன் இருந்தது. எண் நாற்பத்து மூன்று. அந்தத் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. கிருஷ்ணப்பன் யார் கேட்டாலும், "அதுக்கென்னங்க, நம்ம நம்பரையே குடுங்க" என்று சொல்லிவிடுகிற ஆள். தெருவே அந்த எண்ணை உறவினர்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கொடுத்து வைத்திருந்தது. பிறகு அவர் ஆபீஸை மூடி, போனைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, அதியமான்கோட்டைக்குப் போய் ஹைவே ஓரம் டயர்க் கடை போட்டுக்கொண்டார். கம்பி ஏற்கெனவே இழுத்திருந்த இடம் என்பதால் எக்ஸ்சேஞ்சில் அதே எண்ணையே பாஷாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஷகிலாவுக்கு மெத்தை தைக்க நேரமில்லை. உரக்கடைக்காரரைக் கூப்பிடு, கம்பவுண்டரைக் கூப்பிடு என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் வராதவர்கள் போன் வருமோ என்று வந்து உட்கார்ந்தார்கள். புதிதாகத் தைத்து அடுக்கிய இலவம்பஞ்சு மெத்தைகள் அதற்கு வாகாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் பாஞ்சாலி வருவாள். அவள் புருஷன் பம்பாயில் கட்டட வேலையில் இருந்தான். அவள் மட்டும் மெத்தையில் உட்காராமல் கதவோரம் நின்று, போன் வந்தால் பேசி, வராவிட்டால் பேசாமல் போய்விடுவாள்.

எல்லோரையும் சேர்த்து வைத்தாலும் முனிராஜுக்கு ஈடாகாது. முனிராஜ் கல்யாணத் தரகர். நாற்பத்து மூன்று என்று போட்டு கார்டே அச்சடித்து வைத்திருந்தார். காலையில் ஜாதகப் பையோடு வந்து, ஓரத்து மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், அதுதான் அவருக்கு ஆபீஸ். ஷகிலா ஒருநாள் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "கிருஷ்ணப்பண்ணன் வாய் தொறந்து குடுத்த உத்தரவுங்க பாயம்மா" என்று அவர் அவளுக்கே ஆறுதல் சொன்னார். பாஷாவிடம் முறையிட்டால், வந்தவரை எழுந்து போகச் சொல்ல நம்மால் ஆகுமா என்று அவர் பஞ்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒரு நாள் பாஷா பஞ்சு வாங்கப் போயிருந்தார். ஷகிலா கொல்லையில் உறைத்துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. முனிராஜ் எடுத்தார். பேசியது ஒகேனக்கல்லில் புதிதாகக் கட்டிய லாட்ஜின் மேனேஜர். நல்ல அயிட்டமாக வேண்டும், ஆடிப்பெருக்குக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றார் அவர். ஆடி மாசத்தில் எப்படிங்க, ஆவணியில் பார்க்கலாமே என்றார் முனிராஜ். மேனேஜர் எரிச்சலோடு, ஒரே வருஷத்தில் அமுங்கிப் போவதாக இருந்தால் தனக்கு வேண்டாம் என்றார். ஷகிலா துணியைப் போட்டுவிட்டு வாசற்படி ஏறியபோது முனிராஜின் குரல் உயர்ந்திருந்தது.

"அமுங்கிப் போற குடும்பமில்லீங்க அது. பொண்ணு டீச்சர் டிரெய்னிங் முடிச்சிருக்குது. மொதல்ல நீங்க பையன் என்ன பண்றான்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மரியாதை தெரியாத இடம், நல்லவேளை தப்பித்தோம் என்றார் முனிராஜ். எந்த ஊர்க்காரர் என்று ஷகிலா கேட்டாள். ஒகேனக்கல், ஏதோ லாட்ஜ் என்று சொன்னார். அந்த லாட்ஜ் ஆர்டருக்காகத்தான் பாஷா மாசக்கணக்கில் நடையாய் நடந்திருந்தார். ஷகிலாவுக்கு அழுகையும் வந்தது, அந்தப் பேச்சை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மறுநாள் அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறினாள்.

கிருஷ்ணப்பன் ஒரு லாரிச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது யார் யாருக்கு என்ன சொல்லி வைத்தோம் என்று தான் நினைத்தே பார்க்கவில்லை என்றும், பாதிப் பேரை இப்போது ஞாபகமே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். "குடுத்தவன் நானு, நானே வந்து வாங்கிக்கிறேன் தங்கச்சி" என்றார்.

சொன்னபடி வந்தார். வீடுவீடாகப் போனார். போன வீட்டிலெல்லாம் காபி கொடுத்தார்கள். இனி அங்கே போகாதீர்கள் என்று ஆரம்பித்து, மனம் கேட்காமல், அவசரமென்றால் போய்க்கொள்ளுங்கள் என்று முடித்தார். அதுவரை இதைப் பற்றியே தெரியாத இரண்டு வீட்டுக்காரர்களும் அன்றைக்கு அனுமதி பெற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் அவர் திருப்தியோடு பஸ் ஏறியபோது, ஷகிலா அவரை இனிமேல் இந்தப் பக்கமே வரவிடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர் சவுரியப்பன். ஷகிலா நேரே அவரிடம் போய் நின்றாள். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார்.

"போன் வேணாம்னு சொன்னா கழட்டிக்கிட்டு வந்துருவோம்மா. யாராரு அந்த நம்பரை நம்பி இருக்காங்கன்னு நாங்க கேக்குறதில்ல. இப்ப நீங்க ஒருத்தர ஒருத்தரா நிறுத்த முடியாது. நம்பரையே மாத்திக்கிங்க."

"அப்ப நாப்பத்து மூணு வேற யாருக்காச்சும் போவுமா? அவுங்களும் என்னாட்டம் தவிக்கணுமா?"

சவுரியப்பன் ஒரு தாளை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அது தன் கையில் இல்லை என்றாலும், ஊர் மறக்கும்வரை அந்த எண்ணை யாருக்கும் தர வேண்டாமென்று மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார். எண்ணை மாற்றச் சொல்லி மனு கொடுத்தார்கள். கடைப் பலகையில் அப்போதுதான் எழுதிய எண்ணை அழிக்க வேண்டியிருக்கிறதே என்று பாஷா முனகினார். ஷகிலா தானே ஸ்டூல் போட்டு ஏறி அழித்தாள்.

புது எண் அறுபத்து ஒன்று. அது வந்த அன்று கடை முழுக்க அமைதி. மணியே அடிக்கவில்லை. பாஷாவுக்கு அது பொறுக்காமல் ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்தார். முனிராஜ் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். மத்தியானம்வரை காத்திருந்துவிட்டு, போன் ரிப்பேரா என்று கேட்டார். ஷகிலா அவருக்கு டீ கொடுத்தாள். "நாப்பத்து மூணு இப்ப எங்கயும் இல்லீங்க. இது எங்க போனு" என்றாள். கிருஷ்ணப்பண்ணன் சொன்னாரே என்று அவர் இழுத்தார். அவர் கொடுத்தது அவருடைய போனுக்கு, அந்தப் போனே இல்லாதபோது உத்தரவு எதற்கு என்று அவள் சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். முனிராஜ் டீயைக் குடித்து முடித்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, இந்த மெத்தை ராசியான மெத்தை, விற்றுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாட்ஜுக்கு ஷகிலாவே பேசினாள். நீங்கள் பெண் பார்க்கும் கடைதானே என்றார் மேனேஜர். அவள் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பாதி ஆர்டரை அவர் அதற்குள் சேலத்தில் கொடுத்திருந்தார். மீதிப் பாதி கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ஷகிலா விசாரித்துக்கொண்டு பாஞ்சாலியின் வீட்டுக்குப் போனாள். எண் மாறிய சேதி கேட்டிருந்த பாஞ்சாலி, இனிமேல் தொந்தரவு பண்ணமாட்டேன் என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"அது கிருஷ்ணப்பன் குடுத்தது, போச்சு. இது நான் குடுக்குறது" என்றாள் ஷகிலா. "அறுபத்தொண்ணுன்னு உன் வூட்டுக்காரருக்கு எழுதிப் போடு. நீ மட்டும் வா. நாங்க காலி பண்ணிக்கிட்டுப் போறதா இருந்தா, மொதல்ல உன்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போவேன்."

பாஞ்சாலி எண்ணை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, நிற்கிறீர்களே, உட்காருங்கள் என்று பாயை விரித்தாள்.